வாய் மட்டும் கலர்

சத்தியம் தம்பி! ஓங்கியே சொல்றேன், முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தாலும் சரி. எங்க குலசாமி மேல சத்தியம், நான் பிடிச்சிருக்கிற இந்தக் கம்பி மேல சத்தியம், சத்தியத்துக்கு மேல ஒரு சத்தியம் இருந்தா அது மேலயும் சத்தியம். நான் சொல்லப்போறதுல ஒரு சொல்லு பொய்யா இருந்தா இந்த பஸ் ஆண்டிபட்டிக் கணவாய் ஏறாம பாதியில நிக்கட்டும். நீங்களும் நானும் இறங்கித் தள்ளுவோம். போதுமா?

உங்க கேமராவை எட்டிப் பார்த்தது தப்புதான். காலையிலேர்ந்து பஸ்ஸும் பஸ் ஸ்டாண்டுமாவே கிடக்கிறேன், பார்க்க வேற என்ன இருக்கு? அந்தப் பூக்காரம்மா படம் நல்லா இருக்கு. மாட்டுத்தாவணியில எடுத்ததா? சரி சரி. ஆளு, கூடை, தராசு, பின்னால நிக்கிற லாரி எல்லாம் கறுப்பு வெள்ளை. கூடையில கிடக்கிற செவ்வந்தி மட்டும் மஞ்சளா எரியுது. நீங்க அதைப் பார்த்து உங்களுக்குள்ளயே சிரிச்சுக்கிட்டீங்க. எனக்குச் சிரிப்பு வரலை.

ஏன்னா, அந்த வேலையால செத்துப்போனவன் நான்.

நிசமாத்தான். ஒரு பிளெக்ஸ் பேனர்ல என்னைக் கறுப்பு வெள்ளையாக்கி, ஒரே ஒரு இடத்துல மட்டும் கலரை விட்டு வச்சாங்க. அன்னிக்குச் செத்தவன், இன்னும் பிழைக்கலை. நீங்க இப்ப ஒரு செத்தவன் பக்கத்துல உட்கார்ந்திருக்கீங்க. தள்ளி உட்காராதீங்க, அந்தப் பக்கம் ஜன்னல் தகரம் நீட்டிக்கிட்டு இருக்கு, சட்டை கிழிஞ்சிடும்.

செத்தவன் பேரு காசிமாயன். ஊரு ஆண்டிபட்டி. சம்சாரம் அங்கம்மா. ரெண்டு பிள்ளைங்க. மூத்தவ போதுமணி. பொம்பளைப்பிள்ளை போதும்னு நான் வச்ச பேரு. முதல் பிள்ளைக்கே அந்தப் பேரை வச்ச அவசரக்காரன் எங்க பக்கத்துல நான் ஒருத்தன்தான். அடுத்தது பையனாவே பிறந்துச்சு, பால்பாண்டி. போதும்னு சொன்ன பிள்ளைதான் இன்னிக்கும் போன் போட்டு மாத்திரை சாப்பிட்டீங்களான்னு கேக்குது. அதை விடுங்க.

பால்பாண்டி திருப்பூர்ல பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டர். நல்ல வேலைதான். ஆனா டீக்கடையில உட்கார்ந்து 'என் மகன் கட்டிங் மாஸ்டர்'னு சொல்லிப் பாருங்க. எவன் நிமிர்ந்து பார்ப்பான்? 'அப்படியா'ன்னுட்டு பேப்பரைப் புரட்டுவான். அதனால நான் கொஞ்சம் பெருசாக்கிச் சொன்னேன். பொய் இல்லை. நீங்க ஒரு சின்னப் படத்தைச் சுவர் அளவுக்கு என்லார்ஜ் பண்றதில்லையா, அது பொய்யா? அது மாதிரிதான். கம்பெனியே அவன் பொறுப்புன்னேன். நாலு மாடின்னேன். மாடிக்கு மாடி லிப்டுன்னேன். ஜப்பான்காரன் விமானத்துல வந்து இவன் வெட்டுற பனியனைக் கையில வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டுப் போறான்னேன். எவனாவது வேலையில்லாம இருந்தா என் பேரைச் சொல்லிட்டுப் போங்கப்பான்னேன். ஒரு பேச்சுக்குச் சொல்றதுதானே?

போயிட்டானுங்க தம்பி. டிரங்குப்பெட்டியும் பாயுமா ஒவ்வொருத்தனா போய் இறங்கிட்டானுங்க. அவன் குடியிருக்கிறது லைன் வீடு, ஒரே அறை. மருமக ஒரு மாசம் பூரா வந்தவனுக்கெல்லாம் வடிச்சுக் கொட்டியிருக்கா. எங்க தெரு கண்ணாயிரம் மகன், ஆஸ்பத்திரியில கம்பவுண்டரா நல்ல வேலையில இருந்தவன், அதை விட்டுட்டு மேனேஜர் வேலை கேட்டுப் போய் நின்னிருக்கான். அவன் அவசரக்காரன். வேலையை விடுன்னு நானா சொன்னேன்?

பால்பாண்டி போன் பண்ணினான். கத்தலை. கத்தியிருந்தா பரவாயில்லை. மெதுவாச் சொன்னான்.

"அப்பா, உங்க வாய் இருக்கிற ஊருக்கு இனி நான் வரலை."

வச்சிட்டான். அதுக்கப்புறம் தீபாவளி வந்துச்சு, பொங்கல் வந்துச்சு, மறு தீபாவளியும் வந்துச்சு. அவன் வரலை. அங்கம்மா முறுக்கைச் சுட்டு டப்பாவுல போட்டு, அந்த டப்பாவைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருப்பா. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கமாட்டா. அதுதான் எனக்குத் தாங்கலை. திட்டினா பதில் சொல்லலாம். சும்மா இருந்தா என்ன சொல்றது?

இந்த நேரத்துலதான் போதுமணி பிள்ளைங்களுக்குக் காதுகுத்து வச்சாங்க. அவளைக் கொடுத்திருக்கிறது உசிலம்பட்டியில. இப்பத் தாண்டினோமே, அந்தப் பச்சை மண்டபம், அதுலதான் விசேஷம். உங்களுக்குத் தெரியாதது இல்லை, காதுகுத்துன்னா தாய்மாமன் மடி வேணும். மத்ததெல்லாம் இருந்து மடி இல்லைன்னா விசேஷமே இல்லை. பெத்தவளுக்கு அண்ணன் தம்பி இருந்தும் அவன் வரலைன்னா, அவ பிறந்த வீட்டுக்கு மதிப்பு அவ்வளவுதான்னு சபை எழுதிக்கும்.

போதுமணி மாமனார் சிவனாண்டி இருக்காரே, என் சம்பந்தி, அந்த மனுசனுக்கு நாக்குல முள்ளு. எல்லார் முன்னாடியும் கேட்டார்.

"ஏன் சம்பந்தி, மடி ஏற்பாடு பண்ணியாச்சா? இல்லை, பிளாஸ்டிக் சேர்ல உட்கார வச்சுக் குத்திருவமா?"

போதுமணி அவ தம்பிக்குப் போன் போட்டு அழுதிருக்கா. அவன், "அக்கா, உன் பிள்ளைங்களுக்கு என் உசிரைக் கூடத் தர்றேன். அந்த வாய் இருக்கிற இடத்துக்கு மட்டும் கூப்பிடாதே"ன்னிருக்கான். அவ எங்க வீட்டுக்கு வந்து சுவர்ல சாஞ்சு உட்கார்ந்துட்டா.

"என் தம்பி உசிரோட இருக்க, என் பிள்ளைங்க எவனோ ஒருத்தன் மடியில உட்கார்ந்து காது குத்திக்கிட்டா அந்த வீட்ல நான் எப்படிப்பா தலை நிமிர்ந்து நடப்பேன்? ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாங்கப்பா."

அவ அழுதா. நான் யோசிச்சேன். நான் இருக்கிற இடத்துக்கு வரமாட்டேங்கிறான். அப்ப நான் இல்லாத இடத்துக்கு வருவான்ல? நான் எங்கேயும் இல்லைன்னா? எல்லா இடத்துக்கும் வருவான்ல?

சிரிக்காதீங்க. கணக்கு சரிதானே?

உசிலம்பட்டியில பேனர் அடிக்கிற கடை ஜெபராணியோடது. புருசன் மெஷினைப் பார்த்துக்குவார், அந்தப் பிள்ளை கம்ப்யூட்டரைப் பார்த்துக்கும். காதுகுத்து பேனருக்குப் போட்டோ கொடுக்க நானும் அங்கம்மாவும் போனோம். எங்க பக்கத்து பேனரைப் பார்த்திருப்பீங்க. பிள்ளைங்க நடுவுல, சுத்திச் சொந்தக்காரத் தலையெல்லாம் வரிசை வரிசையா. இருக்கிறவங்க கலர். போய்ச் சேர்ந்தவங்க கறுப்பு வெள்ளை, மேல ஓரமா, மேகத்துக்குள்ள, பக்கத்துல ஒரு குத்துவிளக்கு. யாரும் சட்டம் போடலை. ஆனா சின்னப்பிள்ளை கூடப் பார்த்ததும் சொல்லிடும், இவர் இருக்கார், இவர் இல்லைன்னு.

நான் சொன்னேன், "என்னைக் கறுப்பு வெள்ளையில போடு தாயி."

ஜெபராணி கம்ப்யூட்டர்லேர்ந்து கையை எடுத்துட்டா. "ஐயா, நீங்கதான் கண்ணு முன்னாடி உட்கார்ந்திருக்கீங்களே."

"உட்கார்ந்திருந்தா என்ன? போடு."

"ஏய்யா, உனக்குப் புத்தி இருக்கா?"ன்னு அங்கம்மா எழுந்துட்டா. "நீ போனவனா நின்னா, பக்கத்துல நான் பூவும் பொட்டுமா கலர்ல எதுக்கு நிக்கிறேன்? ஒன்னு நீ கலர்ல நில்லு, இல்லை என் தலையை எடுத்துரச் சொல்லு. காதுகுத்து பேனர்ல என்னைத் தாலியறுத்தவ ஆக்கப் பாக்குறியா?"

"அம்மா, கோபப்படாதீங்க"ன்னுச்சு ஜெபராணி. "ஐயா, ஒன்னைச் சொல்லுங்க. இருக்கிற ஆளா, போன ஆளா? அதைத் தெரிஞ்சாத்தான் மேகத்துல வைக்கிறதா தரையில வைக்கிறதான்னு நான் முடிவு பண்ண முடியும்."

"நடுவுல வை. மேகம் வேண்டாம், விளக்கும் வேண்டாம். ஆனா கறுப்பு வெள்ளை."

"அப்ப எனக்கு ஒரு இடத்துலயாவது கலர் வேணும்"னா அங்கம்மா. "நாளைக்கு எவளாவது கேட்டா, இந்தா பாருடி, எம்புருசன் உசிரு இங்க இருக்குன்னு விரலை வச்சுக் காட்டணும்."

அது நியாயம்தான். எங்க கலர் வைக்கிறதுன்னு மூணு பேரும் யோசிச்சோம். நெத்தியில குங்குமம் வைன்னேன். போனவங்க படத்துக்குத்தான் குங்குமம் வைப்பாங்கன்னு ஜெபராணி தலையில அடிச்சுக்கிட்டா. துண்டுக்குக் கலர் கொடுன்னேன். எந்தக் கலர் கொடுத்தாலும் ஒரு கட்சிக்காரன் சண்டைக்கு வருவான்னுச்சு. கடைசியில அதுவாத்தான் சொல்லுச்சு.

"ஐயா, வெத்தலை போடுவீங்கள்ல? உதட்டுக்கு மட்டும் சிவப்பு விட்டுடறேன். போனவங்க வெத்தலை மெல்ல மாட்டாங்க. பார்க்கிறவங்க புரிஞ்சுக்குவாங்க."

என் முகம் கம்ப்யூட்டர்ல பெருசா வந்துச்சு. போன்ல எடுத்த படம், நல்ல கலர். ஒரு பட்டனை அமுக்கினா. அவ்வளவுதான் தம்பி. ஒரு நொடியில முகத்துல இருந்த ரத்தமெல்லாம் எங்கேயோ போயிடுச்சு. நான் செத்தா எப்படி இருப்பேன்னு அப்பத்தான் பார்த்தேன். நல்லாத்தான் இருந்தேன், எங்கப்பா மாதிரி. அங்கம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா. அப்புறம் ஜெபராணி எலியைப் பிடிச்சு உதட்டு மேல தேய்ச்சுத் தேய்ச்சு வாயை மட்டும் எனக்குத் திருப்பிக் கொடுத்துச்சு.

பேனர் ஏறின மறுநாளே ஊர் பத்திக்கிச்சு.

நான் போய்ப் பார்த்தேன். தலையில துண்டைப் போட்டுக்கிட்டு மண்டபத்துக்கு எதிர்ல டீக்கடையில நின்னேன். எல்லாத் தலையும் கலர் கலரா பல்லைக் காட்டுது. நடுவுல நான் சாம்பல் நிறத்துல, வாய் மட்டும் ரத்தச் சிவப்பா. டிஜிட்டல் பிரிண்டு, வெயில் வேற. வெத்தலைச் சிவப்பா அது? இப்பத்தான் கக்கின மாதிரி இருந்துச்சு. டீக்கடையில நாலு பேர் அண்ணாந்து பார்த்துக்கிட்டு நிக்கிறானுங்க.

"போதுமணி அப்பால்ல? எப்பப் போனாரு?"

"ரத்த வாந்தி போல. வாயைப் பாரு."

"அட, அதைப் போய் அப்படியேவா பேனர்ல போடுவாங்க?"

"மருந்தக் குடிச்சிருப்பாரு. மகன்கூடப் பேச்சு வார்த்தை இல்லையாம்."

எனக்குப் பொறுக்கலை தம்பி. சாகிறதுதான் சாகிறோம், மருந்தக் குடிச்சா சாகிறது? ஒரு மரியாதை வேண்டாம்? துண்டை இன்னும் கொஞ்சம் இழுத்து விட்டுக்கிட்டு நானே பேச்சுல நுழைஞ்சுட்டேன்.

"மருந்தும் இல்லை மாத்திரையும் இல்லைப்பா. மேகமலையில கரடி. எஸ்டேட்டுக்குப் போற வழியில ஒரு பொம்பளையைக் கரடி மறிச்சிருக்கு. இவர் குறுக்க விழுந்து, கரடியைக் கட்டிப் பிடிச்சுப் புரண்டு, கரடியும் செத்து, இவரும் போயிட்டாரு. கடைசியில அந்தக் கரடி காதைக் கடிச்சே கொன்னாராம். வாயில இருக்கிறது கரடி ரத்தம்."

ஒருத்தன் டீ கிளாசைக் கீழ வச்சிட்டான். "இந்த வயசுலயா?"ன்னான். "மனுசன்யா"ன்னான் இன்னொருத்தன். அவ்வளவு பேரும் பேனரைப் பார்த்துக் கும்பிட்டானுங்க. நானும் கும்பிட்டேன், தனியா நிக்க முடியாதுல்ல.

அதுல ஒருத்தனோட தம்பி திருப்பூர்ல பால்பாண்டி கம்பெனியிலேயே தைக்கிறவன். அன்னிக்குச் சாயந்திரமே பேனர் போட்டோ, கரடி, எல்லாம் வாட்ஸ்அப்புல போய்ச் சேர்ந்துடுச்சு. சம்பந்திக்கு மட்டும் வயித்தெரிச்சல். பேனரைப் பார்த்துட்டு, "உடம்பெல்லாம் செத்தும் இந்தாளுக்கு வாய் மட்டும் சாகலை பாரு"ன்னு சொன்னாராம். பொறாமை பிடிச்ச மனுசன். அவரையும் கலர்லதான் போட்டிருந்தாங்க, ஓரத்துல, பாதிக் காது வெட்டுப்பட்டு.

இந்தா, கணவாய் வந்துடுச்சு. ஏறுது பாருங்க. ஏறுதுல்ல? கொஞ்சம் முக்குது, அது கியர் கோளாறு, என் கணக்குல சேராது.

காதுகுத்து அன்னிக்கு, "அப்பா, நீங்க செத்திருக்கீங்கள்ல, மண்டபத்துக்குள்ள வராதீங்க. சமையல்கட்டுல இருங்க"ன்னு போதுமணி சொல்லிட்டா. ரெண்டு நாள் முன்னாடி வரைக்கும் அழுதுக்கிட்டிருந்த பிள்ளை, அன்னிக்கு மூஞ்சி பூரா சிரிப்பு. எனக்கே ஆச்சரியம். அண்டா குண்டான்களுக்கு நடுவுல ஒரு அரிசி மூட்டை மேல உட்கார வச்சிட்டாங்க. கேசரித் தட்டுப் பக்கம் கை நீட்டினா சமையல் மாஸ்டர் கரண்டியால தட்டிவிடுறார். "பெரியவரே, போனவங்களுக்குப் படையல்தான். பந்தி கிடையாது."

ஜன்னல் வழியாப் பார்த்துக்கிட்டே இருந்தேன். வந்தான் தம்பி. பால்பாண்டி வந்தான். பொண்டாட்டி, பிள்ளை, சீர்த்தட்டு எல்லாத்தோடயும் வேன்ல வந்து இறங்கினான். முடி முன்னால கொஞ்சம் கொட்டிப் போயிருந்துச்சு. நேரா பேனர் முன்னாடி போய் நின்னான். அண்ணாந்து என்னைப் பார்த்தான். எனக்கு அவன் முதுகுதான் தெரியுது. ரொம்ப நேரம் நின்னான். அப்புறம் தோள் ரெண்டும் குலுங்குச்சு. குலுங்கிக் குலுங்கி, இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு, குனிஞ்சு, பக்கத்துல இருந்த கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டான். மருமக முந்தானையை வாயில வச்சு அடக்கிக்கிட்டா. அவன் திரும்பறப்ப கண்ணெல்லாம் தண்ணி. துடைச்சுக்கிட்டே உள்ள போறான்.

அவ்வளவு பாசத்தை மனசுல வச்சிருந்திருக்கான். எனக்குத் தெரியாமப் போச்சு.

பிள்ளைங்க ரெண்டும் அவன் மடியில உட்கார்ந்து காது குத்திக்கிச்சு. பேத்தி கத்துன கத்து சமையல்கட்டு வரைக்கும் கேட்டுச்சு. சிவனாண்டி ஒரு பிளாஸ்டிக் சேரை ஓரமா இழுத்துப் போட்டுக்கிட்டு உட்கார்ந்துட்டார். போதுமணி சபை நடுவுல நிமிர்ந்து நடந்தா தம்பி. அதை நான் பார்த்தேன். கொத்துமல்லிக் கட்டுக்குப் பின்னாலேர்ந்து பார்த்தேன்னாலும் பார்த்தேன்.

அப்புறம் அவனும் அக்காளும் சமையல்கட்டு வாசல் வரைக்கும் வந்துட்டாங்க. நான் அண்டாவுக்குப் பின்னால குனிஞ்சுக்கிட்டேன்.

"கரடின்னு கேட்டதுமே எனக்கு எல்லாம் புரிஞ்சு போச்சுக்கா"ன்னான். போதுமணி வாயைப் பொத்திக்கிட்டு என்னமோ மாதிரி சத்தம் போட்டா. தேம்பல். பாவம், ரெண்டு பேரும்.

"அப்பா உசிரோட இருந்தா இந்நேரம் எங்கேயாவது மறைஞ்சு உட்கார்ந்து ஜாங்கிரி தின்னுக்கிட்டிருப்பாரு. சுகர் வேற. ஒன்னு போதும்னு யாராவது சொல்லணும்." கொஞ்சம் சத்தமாவே சொன்னான். துக்கத்துல குரல் கூடிடும். கையில எடுத்திருந்த ரெண்டாவது ஜாங்கிரியை நான் தட்டுலேயே வச்சிட்டேன். செத்தும் மகன் பேச்சைக் கேட்டவன் நான்.

அப்புறம் ஒரு பையை வாசப்படியில வச்சான். "இது அப்பாவுக்கு. அளவு சரியா இருக்குமான்னு பார்த்துக்கக்கா"ன்னுட்டுப் போயிட்டான். பிரிச்சுப் பார்த்தா செருப்பு தம்பி. சர்க்கரை வியாதிக்காரங்க போடுற மெத்துன்னு இருக்கிற செருப்பு. இந்தா, இதுதான். குனிஞ்சு பாருங்க. கால்ல ஒரு புண்ணு ஆறாம இருந்துச்சு, அந்த மாசம்தான் டாக்டர் இந்தச் செருப்பு வாங்கச் சொல்லியிருந்தார். கட்டைவிரல்லேர்ந்து குதிகால் வரைக்கும் அச்சா என் அளவு.

செத்தவனுக்கு எதுக்குச் செருப்புன்னு கேக்குறீங்களா? வேட்டி துண்டு வைப்பாங்க, செருப்பு வைப்பாங்களான்னு? துக்கத்துல இருக்கிறவனுக்கு எதை வாங்குறோம்னா தெரியும்? டாக்டர் சொன்னது அவனுக்கு எப்படித் தெரியும்? ரத்தம் தம்பி, ரத்தம். அதுக்குப் போன் வேண்டாம்.

அதுக்கப்புறம் அவன் அடிக்கடி வர்றான். லீவு கிடைச்சா வந்துடறான், வீட்டுக்கே. அங்கம்மா முறுக்கு டப்பா இப்பக் காலியாவே இருக்கு. என்ன ஒன்னு, அவன் வர்ற அன்னிக்கு நான் வீட்ல இருக்க முடியாது. செத்தவன் எப்படிக் கட்டில்ல உட்கார்ந்திருக்க முடியும்? விடிஞ்சதும் கிளம்பிடுவேன். மதுரைக்குப் போவேன், பஸ் ஸ்டாண்டுல உட்காருவேன், அங்கேயிருந்து பெரியகுளம் போவேன், திரும்பி வருவேன். அவன் கிளம்பிட்டான்னு அங்கம்மா போன் பண்ணினா வீட்டுக்குப் போவேன். இன்னிக்கும் அப்படித்தான், இந்நேரம் கிளம்பியிருப்பான்னு நம்பித்தான் இந்த பஸ்ஸுல ஏறினேன். முதல்ல நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப முடியலை. முதுகு வலிக்குது. எல்லா பஸ் ஸ்டாண்டு பெஞ்சும் இரும்பாவே பண்ணி வச்சிருக்கானுங்க.

போனதடவை அவன் போனதுக்கப்புறம் வீட்டுக்குப் போனேன். என் கட்டிலுக்கு நேர் மேல புது ஃபேன் மாட்டியிருக்கு. அவன்தான் ஏணி போட்டு ஏறி மாட்டினானாம். எதுக்குன்னு கேட்டேன். "உன் ஞாபகமா மாட்டிட்டுப் போறானாம்யா"ன்னு சொல்லிட்டு அங்கம்மா அடுப்படிக்குள்ள போயிட்டா. சிலர் சிலை வைப்பாங்க, என் மகன் ஃபேன் வச்சிருக்கான். ராத்திரி அதுக்குக் கீழ படுத்துக்கிட்டு நல்லா அழுதேன்.

ஒருதரம் ஆசை தாங்கலை. பக்கத்து வீட்டு மதில் சந்துலேர்ந்து எட்டிப் பார்த்தேன். பால்பாண்டி மக வாசல்ல விளையாடிக்கிட்டிருந்தா. குட்டி, எங்கம்மா ஜாடை. நேரா என்னைப் பார்த்து, "தாத்தா டாட்டா"ன்னு கையை ஆட்டுறா! பால்பாண்டி அவ கையைப் பிடிச்சுக்கிட்டு, "உஷ், தாத்தா செத்திருக்காருல்ல, கூப்பிடக்கூடாது"ங்கிறான். சின்னப் பிள்ளைங்க கண்ணுக்கு ஆவி தெரியும்னு சொல்வாங்க. அன்னிக்குத்தான் நம்பினேன்.

என்ன அப்படிப் பார்க்கிறீங்க? அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைக்கிறீங்களா?

நீங்க வெளியூர்க்காரர், அதான் அப்படித் தோணுது. தம்பி, நான் சொல்லி நம்பாத ஆளு எங்க தாலுகாவுலேயே கிடையாது. டிரங்குப்பெட்டியைத் தூக்கிக்கிட்டுத் திருப்பூர் வரைக்கும் போனவனுங்களைக் கேட்டுப் பாருங்க. பெத்த மகன் நம்பாமலா போயிடுவான்? அவனுக்குத் தெரிஞ்சிருந்தா, 'அப்பா, வாங்க வீட்டுக்கு'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டானா? அவன் கூப்பிடாம நானா போய் நின்னா என்ன ஆகும்? நான் இருக்கேன்னு தெரிஞ்ச நிமிசம் அவன் வரவு நின்னு போகும். அங்கம்மா திரும்பவும் முறுக்கைச் சுட்டு வச்சுக்கிட்டு உட்காருவா. வேண்டாம். இப்படியே போகட்டும். எனக்கு பஸ் பழகிடுச்சு.

இருங்க, போன் அடிக்குது. அங்கம்மாதான்.

"ம்... ம்... பஸ்லதான். கணவாய் இறங்கிட்டோம். கிளம்பிட்டானா? ... இன்னும் இல்லையா? ... எங்க? பஸ் ஸ்டாண்டுலயா? வண்டியோடயா? ... யாரைக் கூப்பிட? ... ஏய், மெதுவாப் பேசு, அவனுக்குக் கேட்டுரப் போகுது. வச்சிடு, வச்சிடு, நான் பார்த்துக்கிறேன்."

அணைச்சே வச்சிட்டேன். பொம்பளைங்களுக்குப் போன்ல ரகசியம் பேசத் தெரியாது. என்னமோ கத்திக்கிட்டே இருக்கா. விசயம் என்னன்னா, பால்பாண்டி இன்னும் ஊர்லதான் இருக்கானாம். ஆண்டிபட்டி பஸ் ஸ்டாண்டுல பைக்கை நிறுத்திக்கிட்டு மதுரை பஸ் ஒவ்வொன்னையும் பார்த்துக்கிட்டு நிக்கிறானாம். மழை வர்ற மாதிரி இருக்கு, வயசானவங்க நனையக் கூடாதுன்னு கூட்டிட்டுப் போக வந்திருக்கானாம்.

அவன் மாமனாரா இருக்கும். திருமங்கலத்துக்காரர். நல்ல மனுசன், அதிகம் பேச மாட்டார். கொடுத்து வச்சவர்.

கண்டக்டர்! ரைஸ்மில்லுல ஒரு ஆள் இறக்கம்!

ஊருக்கு ஒரு ஸ்டாப்பு முன்னாடிதான். அங்கேயிருந்து காட்டு வழியா நடந்தா வீட்டுப் பின்வாசலுக்குப் போயிடலாம், அவன் கிளம்புற வரைக்கும் அங்கேயே ஒதுங்கிக்கலாம். கொஞ்சம் தூரம். செருப்பு நல்லா இருக்கு, நடந்துடுவேன். மழையில நனைஞ்சாத்தான் என்ன, எனக்குக் காய்ச்சலா வரப்போகுது?

கொஞ்சம் காலை நகர்த்துங்க தம்பி, வர்றேன். இந்த பஸ் ஆண்டிபட்டி பஸ் ஸ்டாண்டுல நிக்கும். முன்தலை வழுக்கையா ஒருத்தன் ஒவ்வொரு ஜன்னலா எட்டிப் பார்த்துக்கிட்டு வருவான். உங்க பக்கத்துல யாரும் உட்கார்ந்து வந்தாங்களான்னு கேட்டாலும் கேட்பான். நல்ல பையன், மரியாதையாத்தான் பேசுவான். கதையை வேணும்னா சொல்லுங்க, நல்ல கதை, வீணாப் போகக் கூடாது. யார் சொன்னதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க.